முன்சீப்பின் சமரசம்: மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் எழுத்துகளில் சமயமும் கேளிக்கையும் அன்றாடமும்

ஆய்வுச் சுருக்கம்

தமிழின் முதல் புதினத்தை எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889) கத்தோலிக்கர். எனினும் அவருடைய புகழ்பெற்ற நூல்களில் கத்தோலிக்க அடையாளம் வெளிப்படையாகக் காணப்படுவதில்லை. இதனை ஒரு முரணாகவோ, சமய ஆர்வக் குறைவாகவோ கொள்ளும் போக்கு உண்டு. அவர் வகித்த முன்சீப்பு பதவியும், சீர்காழி–மாயூரம் வட்டாரத்தின் இசை, புலமைச் சூழலும் இந்த எழுத்துமுறையை எவ்வாறு உருவாக்கின என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: வேதநாயகம் பிள்ளை, கத்தோலிக்கம், சமரசம், கீர்த்தனை, நீதிமன்றம், புதினம்

முன்னுரை

வேதநாயகம் பிள்ளையைத் தமிழ் இலக்கிய வரலாறுகள் இரண்டு இடங்களில் வைத்துப் பேசுகின்றன. புதின வரலாற்றில் அவர் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ (1879) எழுதியவர். கிறித்தவத் தமிழ் இலக்கிய வரலாற்றில் ‘தேவமாதா அந்தாதி’, ‘திருவருள் மாலை’, ‘பெரியநாயகி அம்மாள் பதிகம்’, ‘சத்திய வேதக் கீர்த்தனை’ ஆகியவற்றைப் பாடியவர். முதல் வரலாறு அவருடைய சமயத்தை ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுகிறது. இரண்டாவது வரலாறு அவருடைய புதினத்தைப் பெருமைக்காகக் குறிப்பிட்டுவிட்டு அந்தாதிக்குத் திரும்பிவிடுகிறது. இவ்வாறு பிரித்து வைப்பதால், ஒரே மனிதர் ஒரே காலப்பகுதியில் மாதாவைப் பாடும் அந்தாதியையும், எந்தச் சமயத்தவரும் பாடத்தக்க கீர்த்தனைகளையும், செல்வர் வீட்டுப் பிள்ளையின் சோம்பலைக் கேலி செய்யும் கதையையும் ஏன் எழுதினார் என்னும் வினா எழாமலே போய்விடுகிறது.

பெயர் ஒற்றுமையால் நேரும் குழப்பம் ஒன்றையும் இங்கு நீக்கிக்கொள்வது நல்லது. ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடிய தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) லுத்தரன் மரபைச் சேர்ந்தவர். சரபோஜி மன்னர் காலத் தஞ்சையோடு தொடர்புடையவர். மாயூரத்தார் அவருக்கு அரை நூற்றாண்டு இளையவர். இருவரும் கீர்த்தனை பாடினர் என்பதால் மாணவர் ஏடுகளில் இவ்விருவரும் ஒருவராகிவிடுவது இன்றும் நிகழ்கிறது.

குளத்தூரிலிருந்து மாயூரம் வரை

திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் 1826 அக்டோபர் 11 அன்று வேதநாயகம் பிறந்தார். அவருடைய பாட்டனார் காலத்திலேயே குடும்பம் கத்தோலிக்கத்தைத் தழுவியிருந்தது. இச்செய்தி சிறிதெனினும் பொருட்படுத்தத்தக்கது. அவருக்கு ஓராண்டு இளையவரான எச். ஏ. கிருஷ்ண பிள்ளை (1827–1900) வைணவக் குடும்பத்தில் பிறந்து, தாமே சீர்திருத்தக் கிறித்தவத்துக்கு மாறியவர். ‘இரட்சணிய யாத்திரிகம்’ முழுதும் அம்மாற்றத்தின் வெப்பம் உண்டு. வேதநாயகம் பிள்ளைக்கு அவ்வாறு விட்டுவந்த சமயம் என ஒன்றில்லை. பிறந்தபோதே இருந்த சமயம் அது. அதனை நிறுவவோ காத்துப் பேசவோ வேண்டிய நெருக்கடி அவர் எழுத்தில் தென்படாததற்கு இது ஒரு காரணமாகலாம்.

திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் பணியாற்றிய பின், 1857-இல் அவர் தரங்கம்பாடியில் முன்சீப்பானார். தரங்கம்பாடி டேனியரிடமிருந்து 1845-இல் ஆங்கிலேயர் கைக்கு வந்த ஊர். 1706 முதல் லுத்தரன் திருப்பணியின் தலைவாயில். அங்கிருந்து சைவத் திருத்தலமான சீர்காழிக்கும், பின்னர் மாயூரத்துக்கும் அவர் மாற்றப்பட்டார். 1872-இல் பணியிலிருந்து விலகியபின் மாயூரத்திலேயே தங்கி, அந்நகராட்சியின் தலைவராகவும் இருந்தார். ஆகவே அவருடைய பணி வாழ்வு முழுவதும் காவிரிப் படுகையின் கோயிலூர்களிலும் கடலோர ஊர்களிலும் கழிந்தது. அவர் முன் வழக்குரைக்க வந்தோரில் பெரும்பாலோர் அவருடைய சமயத்தைச் சேராதவர்கள்.

அவருடைய எழுத்துப் பணியும் அலுவலக மேசையிலிருந்தே கிளைத்தது. 1805 முதல் 1861 வரையிலான உயர் வழக்குமன்றத் தீர்ப்புகளைச் சுருக்கித் தமிழில் தந்த ‘சித்தாந்த சங்கிரகம்’ சட்டத்தமிழின் தொடக்க முயற்சிகளுள் ஒன்று. 1859-இல் வெளிவந்த ‘நீதிநூல்’ செய்யுள் வடிவிலமைந்த அறநூலே எனினும், அதில் பேசப்படும் கைக்கூலி, சூது, மது, பரத்தமை, அணிகலன் மீதான ஆசை, போலிக் குருமாரின் நடத்தை ஆகியவை ஒரு முன்சீப்பு நாள்தோறும் வழக்குக் கட்டுகளில் படித்திருக்கக்கூடியவை. பழைய அறநூல்கள் கள்ளுண்ணாமையையும் சூதையும் பாடியுள்ளன. கைக்கூலி வாங்கும் அலுவலரைத் தனியே எடுத்துக்கொண்டு கடிவது காலனிய நீதிமன்றத்தைக் கண்டவரின் அறம்.

இரண்டு பாடல் தொகுதிகள்

1878-இல் வெளிவந்த ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள்’ இச்சிக்கலின் மையம். அதன் தலைப்பே கத்தோலிக்கர் ஒருவருக்கு அக்காலத்தில் எளிதாக வாய்க்கக்கூடிய தலைப்பன்று. 1864 டிசம்பர் 8 அன்று ஒன்பதாம் பயஸ் திருத்தந்தை வெளியிட்ட ‘தவறுகளின் தொகுப்பு’ என்னும் ஆவணம், எந்தச் சமயத்தைப் பின்பற்றியும் மனிதர் மீட்படையலாம் என்னும் கருத்தைத் திருச்சபை மறுக்கும் கருத்துகளின் வரிசையில் வெளிப்படையாகச் சேர்த்தது. அடுத்து 1869–70-இல் கூடிய முதல் வத்திக்கான் சங்கம் திருத்தந்தையின் தவறா வரத்தை வரையறுத்தது. ஐரோப்பியக் கத்தோலிக்கம் தன் எல்லைகளை இறுக்கிக்கொண்டிருந்த அதே பதினைந்து ஆண்டுகளுக்குள், மாயூரத்துக் கத்தோலிக்கர் ஒருவர் ‘சர்வ சமய சமரசம்’ என்று தம் நூலுக்குப் பெயரிட்டார்.

இதனை ரோமுக்கு எதிரான நிலைப்பாடு என வாசிப்பது மிகையாகும். ‘சமரசம்’ என்னும் சொல் அவருக்குக் கிடைத்த வழி வேறு. திருச்சிராப்பள்ளியோடு தொடர்புடைய தாயுமானவர் வேதாந்த சித்தாந்த சமரசம் பேசியவர். வேதநாயகம் பிள்ளைக்கு மூன்றாண்டு மூத்தவரான இராமலிங்க அடிகள் (1823–1874) 1865-இல் சமரச சன்மார்க்கத்தின் பெயரால் சங்கம் நிறுவினார். அவ்வட்டாரத்தில், அத்தலைமுறையில், அது பரவலாகப் புழங்கிய சொல். ஆனால் மூவரும் அச்சொல்லை ஒரே பொருளில் ஆளவில்லை. தாயுமானவருக்கு அது தத்துவ முடிபு. அடிகளாருக்கு அது ஒரு வழி, ஓர் அமைப்பு. வேதநாயகம் பிள்ளையிடம் அது பாடுவோரைப் பற்றிய சொல்லாகவே செயல்படுகிறது. தொகுதியின் பெரும்பகுதி சமயங்களை எடைபோடுவதில்லை. எல்லாச் சமயமும் ஒன்றே என வாதிடுவதுமில்லை. கடவுளை நோக்கி முறையிடுகிறது, நன்றி சொல்கிறது, பஞ்சத்தில் அழுகிறது. குறிப்பிட்ட தெய்வப் பெயரைச் சொல்லாததனால், சைவர் வாயிலும் இசுலாமியர் வாயிலும் கத்தோலிக்கர் வாயிலும் அப்பாடல் தடையின்றி அமைகிறது.

அவரே ‘சத்திய வேதக் கீர்த்தனை’ என்னும் மற்றொரு தொகுதியையும் பாடினார் என்பது இவ்வாசிப்புக்கு வலுச்சேர்க்கிறது. தம் சமயத்தாருக்கு உரியதை அவர் மறைக்கவுமில்லை, நீர்த்துப்போகச் செய்யவுமில்லை. அதற்குத் தனி இடம் கொடுத்தார். மாதாவைப் ‘பெரியநாயகி’ எனப் பாடுவது வீரமாமுனிவர் (1680–1747) கோணான்குப்பத்தில் வழங்கச்செய்த பெயர் மரபைச் சேர்ந்தது. சைவக் கோயில்களில் அம்மைக்கு வழங்கும் பெயரும் அதுவே. எனவே பக்திப் பாடல்களில்கூட அவர் கையாண்ட சொற்கள் பொதுவெளிக்குப் புறம்பானவை அல்ல. இரண்டு தொகுதிகளுக்குமிடையே உள்ள வேறுபாடு நம்பிக்கையின் அளவைப் பற்றியதன்று. அவை பாடப்படும் அவையைப் பற்றியது.

நீதிமன்றத்தின் கடவுள்

சமயப் பெயரற்ற கடவுளை நாள்தோறும் விளிக்கும் பொது இடம் ஒன்று வேதநாயகம் பிள்ளைக்கு நன்கு பழக்கமாயிருந்தது. அது அவருடைய நீதிமன்றம். கும்பினி நீதிமன்றங்களில் இந்துச் சாட்சிகள் கங்கை நீரைத் தொட்டும் இசுலாமியச் சாட்சிகள் திருக்குர்ஆனைத் தொட்டும் ஆணையிடும் வழக்கம் இருந்தது. 1840-ஆம் ஆண்டின் ஐந்தாவது சட்டம் அவ்விரு ஆணைகளையும் நீக்கி, எல்லாம் வல்ல கடவுள் முன்னிலையில் உண்மையே சொல்வதாக உறுதிமொழியும் முறையை இருசமயத்தார்க்கும் பொதுவாக்கியது. 1873-இல் மற்றோர் ஆணைச்சட்டம் வரும்வரை, அதாவது வேதநாயகம் பிள்ளை முன்சீப்பாக இருந்த காலம் முழுவதும், இதுவே நடைமுறை.

காலனிய அரசு இதைச் சமரச நோக்கத்தோடு செய்யவில்லை. ஆணையிட மறுக்கும் சாட்சிகளால் வழக்குகள் தடைபடுவதைத் தவிர்க்க வேண்டியிருந்தது. ஆயினும் அதன் விளைவாக, யார் வாயிலும் அமையத்தக்க, ஆனால் பொய்க்கு அஞ்சவைக்கும் ஆற்றல் குன்றாத ஒரு கடவுட்பெயர் நீதிமன்றத் தமிழில் புழக்கத்துக்கு வந்தது. எதிரே நிற்பவர் எந்தச் சமயத்தவர் என்று பாராமல் அச்சொற்களைக் கேட்டுச் சாட்சியம் பதிவதே முன்சீப்பின் அன்றாட வேலை. 1878-இன் கீர்த்தனைகளில் வரும் கடவுள் நீதிபதியாகவும், சாட்சியாகவும், மேல்முறையீட்டின் கடைசிப் படியாகவும் உணரப்படுவதற்கு இப்பழக்கத்தைப் பின்னணியாகக் கொள்வது பொருந்தும். நீதிபதியாகிய கடவுள் என்பது கிறித்தவத்தின் கருத்துமாகும். அவ்வாறாயின், தம் சமயத்தின் கடவுட்கொள்கையுள் எந்தக் கூறு நீதிமன்றத்தாருக்கெல்லாம் பொதுவாக இருந்ததோ அதனையே அவர் பொதுத்தொகுதிக்குத் தேர்ந்துகொண்டார் எனலாம்.

நீதிமன்றம் அவருக்கு மற்றொரு கவலையையும் தந்தது. பிரதாப முதலியார் சரித்திரத்தின் இறுதிப் பகுதியில், தமிழ் வழங்கும் நாட்டில், கட்சிக்காரர்களும் தமிழராய், நீதிபதியும் தமிழறிந்தவராய் இருக்க, வழக்கறிஞர்கள் ஆங்கிலத்தில் வாதிடுவதன் பொருத்தமின்மை விரிவாகக் கண்டிக்கப்படுகிறது. தம் தலைக்குமேல் நடக்கும் வாதத்தைப் புரிந்துகொள்ள இயலாத கட்சிக்காரரின் நிலையே அங்குப் பேசப்படுவது. கேட்போர் அனைவருக்கும் எட்டாத மொழி நீதியைக் குறைக்கிறது என்னும் அக்கவலையும், பாடுவோர் அனைவருக்கும் எட்டும் கடவுட்பெயரைத் தேடிய முயற்சியும் ஒரே பணியனுபவத்திலிருந்து பிறந்தவை.

கேளிக்கையின் இடம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கிறித்தவ அறவோர் பலர் நாடகம், நடனம், சிற்றின்பப் பாட்டு ஆகியவற்றை ஒட்டுமொத்தமாக ஐயுற்றனர். வேதநாயகம் பிள்ளையின் நீதிநூலும் பரத்தமையைக் கடிகிறது. ஆனால் அவருடைய நட்பு வட்டம் வேறொன்றைக் காட்டுகிறது. அவர் சீர்காழியில் முன்சீப்பாக இருந்தபோது, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) அவரைப் பாட்டுடைத் தலைவராகக் கொண்டு ‘குளத்துக் கோவை’ பாடினார். இச்செய்தியை உ. வே. சாமிநாதையர் தம் ஆசிரியரின் வரலாற்றில் பதிவு செய்துள்ளார். கோவை முழுக்க முழுக்க அகப்பொருள் நூல். களவும் உடன்போக்கும் கற்பும் அதில் வரும்; பரத்தையிற் பிரிவும் மரபுப்படி ஒரு துறைக் கூட்டமாக இடம்பெறும். பரத்தமையைக் கடிந்து நூல் செய்த கத்தோலிக்க நீதிபதி, சைவப் புலவர் பாடிய கோவையை மகிழ்ந்து ஏற்றார்.

இதனைப் போலித்தனம் என்று முடிவுகட்டுவோர் கோவையின் இலக்கணத்தை மறந்தவராவர். கோவையில் காதல் செய்பவன் கிளவித் தலைவன். பெயர் சுட்டப்படாத கற்பனை மாந்தன். பாட்டுடைத் தலைவனோ ஊரும் கொடையும் புகழும் சொல்லப்பட்டு, காதற் செயலிலிருந்து விலகி நிற்பவன். இவ்விருவரையும் பிரித்து வைக்கும் மரபு, புலவரின் சமயமும் புரவலரின் சமயமும் வேறாயினும் ஒரே நூலுக்குள் இருவரும் இடர்ப்பாடின்றி இருக்க வழி செய்தது. தமிழின் செய்யுள் மரபே இவ்வாறான கூடிவாழ்தலுக்கு ஏற்பாடுகளை வைத்திருந்தது என்பதைச் சமய நல்லிணக்கம் பற்றிய ஆய்வுகள் போதிய அளவு கவனிக்கவில்லை. அவ்வுறவு ஒருவழிப்பட்டதுமன்று. திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரின் கொடையைப் புகழ்ந்து வேதநாயகம் பிள்ளையும் செய்யுள்கள் பாடியிருக்கிறார்.

கீர்த்தனை வடிவத்தை அவர் தேர்ந்ததும் இச்சூழலில்தான். சீர்காழி முத்துத்தாண்டவரும் அருணாசலக் கவிராயரும் தமிழ்க் கீர்த்தனைக்கு வழிகோலிய ஊர். மாயூரத்திலோ ‘நந்தனார் சரித்திரக் கீர்த்தனை’ இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியார் அவருக்கு நண்பர். 1876–78 பெரும்பஞ்சத்தில் வேதநாயகம் பிள்ளை தம் பொருளைச் செலவிட்டு ஏழைகளுக்கு உணவளித்தபோது, அதனைப் போற்றிப் பாரதியார் கீர்த்தனை ஒன்று பாடினார். சிவனடியாரைப் பாடிய வாய், அதே பல்லவி–அனுபல்லவி–சரண அமைப்பில், ஒரு கத்தோலிக்கரைப் பாடியது. வேதநாயகம் பிள்ளையோ அவ்வடிவத்துக்குள் உத்தியோகம், கைக்கூலி, கணவன் மனைவி உறவு, பஞ்சம் எனக் கச்சேரிக்குப் பழக்கமில்லாத பொருள்களைக் கொண்டுவந்தார். அரசு அலுவலர் வாழ்வைக் கீர்த்தனைக்குப் பொருளாக்கியவர் அவருக்கு முன் அரிது.

கதையின் நகைச்சுவைக்கும் ஒரு கத்தோலிக்க முன்னோடி உண்டு. வீரமாமுனிவரின் ‘பரமார்த்த குரு கதை’ போலிக் குருவையும் மூடச் சீடரையும் வைத்துச் சிரிப்பு விளைத்தது. 1822-இல் இலண்டனில் அச்சேறியது. அதற்கும் முன்னர் 1578-இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ தொடங்கிக் கத்தோலிக்கர் கையில் தமிழ் உரைநடை பெரும்பாலும் மறைக்கல்வியின் கருவியாகவே இருந்தது. வீரமாமுனிவர் அதனைச் சிரிக்கவும் பயன்படுத்தினார். வேதநாயகம் பிள்ளை அச்சிரிப்பை மறைக்கல்வியிலிருந்து முற்றிலும் பிரித்து, குடும்பக் கதைக்குள் வைத்தார். தம் புதினத்துக்கு எழுதிய ஆங்கில முகவுரையில், தமிழில் உரைநடை நூல்கள் இல்லாத குறையைப் போக்குவதையே அவர் நோக்கமாகச் சொல்கிறார். முதன்மை மாந்தரைக் குறைவற்ற நல்லொழுக்கமுடையோராகப் படைத்ததற்கு ஆங்கில அறவோர் டாக்டர் ஜான்சனைத் துணைக்கழைக்கிறார். சமய ஆசிரியர் எவரையும் சான்றுகாட்டாமல் ஓர் அகராதியாசிரியரைச் சான்றுகாட்டியது நோக்கத்தக்கது. உலகியல் நூலுக்கு உலகியல் சான்று போதும் என்னும் தெளிவு அதிலுண்டு.

சிரிப்பின் எல்லை

இந்தச் சமரசம் எதுவரை சென்றது என்பதையும் கேட்டாக வேண்டும். புதினத்தின் நாயகன் தொண்டை மண்டல முதலியார் குலத்துச் செல்வன். நாயகி ஞானாம்பாள் அறிவில் அவனை விஞ்சுபவள். ஆண்வேடத்தில் விக்கிரமபுரியை ஆளவும் செய்கிறாள். பெண்கல்விக்காகச் செய்யுளிலும் உரைநடையிலும் தொடர்ந்து வாதிட்டவர் படைத்த பாத்திரம் அது. ‘பெண்மதி மாலை’யோடு ‘பெண்கல்வி’யும் ‘பெண்மான’மும் இணைந்தே வெளிவந்தன, 1887-இல் வந்த ‘சுகுண சுந்தரி’ இளம் பருவத் திருமணத்தைக் கண்டித்தது. ஆயினும் ஞானாம்பாளின் ஆட்சி ஆண்வேடம் கலைந்ததும் முடிந்துவிடுகிறது. கல்வி பெண்ணை நல்ல மனைவியாக்கும் என்பதே அவருடைய வாதத்தின் இறுதிப்படி.

சாதியில் அவ்வளவுகூட அசைவு இல்லை. செருப்புத் தைத்துத் தந்தால் சந்தோஷப்படுத்துவதாக நாயகன் சொன்ன ஒரு வாய்ச்சொல், வழக்காகவே வளர்ந்து அவனைத் துன்பத்தில் ஆழ்த்தும் நிகழ்ச்சி புதினத்தின் புகழ்பெற்ற நகைச்சுவைப் பகுதி. ஒப்பந்தச் சொல்லின் பொருள்மயக்கத்தை வைத்துப் பின்னப்பட்ட அக்கதை, சட்டம் தெரிந்தவர் எழுதியது என்று பார்த்த மாத்திரத்தில் தெரியும். ஆனால் அரசரில்லா நாட்டில் எல்லாம் தலைகீழானதற்குச் சான்றாக அங்கே நிறுத்தப்படுபவர் செருப்புத் தைப்பவர். அவர் வழக்குத் தொடுப்பதே சிரிப்புக்குரிய செய்தியாகிறது. நீதிமன்றத்தில் உறுதிமொழி எல்லாச் சமயத்தார்க்கும் ஒன்றாயிருந்ததை உள்வாங்கிய எழுத்து, கூலிக்கு வழக்குத் தொடுக்கும் உழைப்பாளியின் உரிமையை அவ்வாறு உள்வாங்கவில்லை. அதே மாயூரத்தில், அதே ஆண்டுகளில், நண்பர் பாரதியார் நந்தனின் கண்ணீரைப் பாடிப் பரப்பிக்கொண்டிருந்தார் என்பதை எண்ணும்போது, காலத்தின் மேல் மட்டும் பழிபோட்டு இதனைக் கடந்துவிட இயலாது. கத்தோலிக்க ஆலயங்களுக்குள்ளும் சாதிவாரி இருக்கைப் பிரிவுகள் நிலவிய காலம் அது. சமயங்களுக்கிடையே சமரசம் தேடிய அவருடைய எழுத்து, தம் சமயத்துக்குள் இருந்த அப்பிரிவினைக்கு எதிராக அதே ஊக்கத்தோடு எழவில்லை.

1889 ஜூலை 21 அன்று மாயூரத்தில் அவர் காலமானார். பின்னாளில் அவருடைய இரு தொகுதிகளும் இருவேறு திசையில் சென்றன. சத்திய வேதக் கீர்த்தனை கிறித்தவத் தமிழ் நூற்பட்டியல்களில் இடம்பெற்றது. சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளுள் சில கருநாடக இசை மேடைகளுக்குச் சென்று இன்றும் பாடப்படுகின்றன. பாடுவோரும் கேட்போரும் இயற்றியவரின் சமயத்தை அறிந்தோ அறியாமலோ அவற்றில் தத்தம் தெய்வத்தை வைத்துக்கொள்கின்றனர்.